மூன்று நாள் எரிந்த ஊர்: 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் வீட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

1906 ஏப்ரல் 18, புதன்கிழமை, விடியற்காலை 5:12. சான் பிரான்சிஸ்கோ குலுங்கியது ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு அந்த ஊர் மூன்று நாள் எரிந்தது. சனிக்கிழமை காலை தீ அடங்கியபோது சுமார் 28,000 கட்டடங்கள் சாம்பலாகியிருந்தன. நாலு லட்சம் பேர் இருந்த ஊரில் பாதிக்கு மேல் வீடில்லாமல் நின்றார்கள். செத்தவர்கள் சில நூறு பேர் என்று அப்போது சொன்னார்கள். பிற்கால ஆய்வுகள் அதை 3,000க்கு மேல் கொண்டுபோய் நிறுத்தின. சொத்து நஷ்டம் அன்றைய காசில் 40 கோடி டாலர். அதில் ஆட்டத்தால் போனது கொஞ்சம், தீயால் போனதுதான் பெரும்பகுதி. அதனால் இதைப் பூகம்பம் என்று மட்டும் சொல்லி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பூகம்பம் வந்த பிறகுதான் தெரியும். தீயோ தெருத் தெருவாக, எல்லோர் கண் முன்னாலும் வந்தது. நிறையக் குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டின் முறை வரப்போகிறது என்பது பல மணி நேரம் முன்பே தெரியும். சிலருக்கு ஒரு முழு நாள் அவகாசமே இருந்தது. அந்த அவகாசத்தை எதில் செலவழித்தார்கள் என்பதை வைத்துத்தான் யாருக்கு எது மிஞ்சியது என்று முடிவானது. அதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

யாருமே எச்சரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1905 அக்டோபரில், அதாவது ஆறு மாதம் முன்பு, அமெரிக்கத் தீ இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தேசிய வாரியம் இந்த ஊரை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தது. இத்தனை நாள் எரியாமல் இருந்ததே இன்சூரன்ஸ் அனுபவத்துக்கெல்லாம் விரோதமான விஷயம் என்ற அர்த்தத்தில் அதில் ஒரு வரி உண்டு. கட்டடங்களில் பத்தில் ஒன்பது மரச்சட்டக் கட்டடம், செங்குத்தான மேடுகள், நெருக்கமான தெருக்கள். தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் கடல்நீரை இறைத்துத் தனிக் குழாயில் கொண்டுவரும் ஏற்பாடும், 1850களில் கட்டிப் பிறகு கைவிட்ட தரையடித் தொட்டிகளைப் பழுது பார்ப்பதும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பணம் ஒதுக்கவில்லை. புதன்கிழமை விடியலில் பக்கத்திலிருந்த கலிஃபோர்னியா ஹோட்டலின் மேல்பகுதி இடிந்து, அவர் தங்கியிருந்த புஷ் தெரு நிலையத்தின் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. நாலாம் நாள் அவர் இறந்துபோனார். எந்தத் தெருவில் பழைய தொட்டி இருக்கிறது, எங்கே எதை இடிக்க வேண்டும் என்ற திட்டம் பெரும்பாலும் அந்த ஒருவர் மண்டையில்தான் இருந்தது. இன்று ஒரு அடுக்குமாடியின் சங்கத்தில் இருப்பவர்கூட இதைக் கவனிக்கலாம்: மெயின் வால்வு எங்கே, மொட்டைமாடிச் சாவி யாரிடம், ஜெனரேட்டரை நிறுத்துவது எப்படி என்பது ஒரே வாட்ச்மேனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் அது ஏற்பாடே இல்லை. எழுதி மூன்று பேரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

ஆட்டம் நின்ற முதல் மணி நேரத்தில் ஊரில் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் தீப்பிடித்தது. உடைந்த கேஸ் குழாய், கவிழ்ந்த மண்ணெண்ணெய் விளக்கு, விரிசல் விட்ட புகைபோக்கி, மருந்துக் கடைகளில் உடைந்த ரசாயன பாட்டில்கள், அறுந்த மின்கம்பி என்று எல்லாம் ஊருக்கு ஊர் இருக்கிற காரணங்கள்தான். தீ எச்சரிக்கை மணி ஒரு இடத்திலும் அடிக்கவில்லை. அந்த அமைப்புக்கு மின்சாரம் கொடுத்தது கண்ணாடி ஜாடிகளில் வைத்த பேட்டரிகள். அவை பெரும்பாலும் அலமாரியிலிருந்து விழுந்து நொறுங்கிவிட்டன. டெலிபோனும் இல்லை. தீயணைப்பு வீரர்கள் புகை தெரிந்த திசையில் குதிரை வண்டியை ஓட்டினார்கள். ஆக முதல் அரை மணி நேரத்துக்கு அந்தந்தத் தெருக்காரர்கள்தான் தீயணைப்புப் படை. ஆட்டம் நின்றதும் முதல் வேலை கேஸ் வால்வை மூடுவது. அது எந்தப் பக்கம் திரும்பும், ஸ்பேனர் வேண்டுமா என்பதை முன்பே ஒரு தடவை திருப்பிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். வாடை அடித்தால் சுவிட்சைத் தொடக் கூடாது, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வரவேண்டும். வாடை இல்லையென்றால் மின்சார மெயினை அணைப்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் இரண்டாவது ஆபத்து கரண்ட் திரும்ப வரும்போது இருக்கிறது. 1995இல் கோபேயில் நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தபோது, கவிழ்ந்து கிடந்த ஹீட்டர்களும் நசுங்கிய ஒயர்களும் பற்றிக்கொண்டு ஆளில்லாத வீடுகள் எரிந்தன.

அடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அன்று காலை பத்து மணி வாக்கில் ஹேய்ஸ் தெருவும் கஃப் தெருவும் சேரும் முனைக்குப் பக்கத்தில், ஒரு பெண்மணி காலைச் சாப்பாட்டுக்காக அடுப்பு மூட்டினார். ஆட்டம் நின்று ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது, பெரிய தீ எல்லாம் தூரத்தில். புகைபோக்கி உள்ளே உடைந்திருந்தது அவருக்குத் தெரியாது. சுவரில் பிடித்த தீ வீட்டை முடித்து, தெருவைத் தாண்டி, காயம்பட்டவர்களைப் படுக்க வைத்திருந்த மெக்கானிக்ஸ் பெவிலியன் மண்டபத்தையும் (நல்லவேளை, நோயாளிகளை அதற்குள் வெளியேற்றிவிட்டார்கள்) ஏற்கெனவே சிதைந்து நின்ற சிட்டி ஹாலையும் தின்றுவிட்டு, மார்க்கெட் தெருவைக் கடந்து தெற்கே மிஷன் பகுதிக்குப் போனது. ‘ஹாம் அண்ட் எக்ஸ்’ (பன்றி இறைச்சியும் முட்டையும்) தீ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்மணியைத் திட்டி எழுதியவர்கள் நிறைய. பசித்த குடும்பத்துக்கு முட்டை பொரிக்கப் போனவரைத் திட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. அடுப்பு மூட்டாதே என்ற ஒரு வரி அந்த வீட்டுக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது தண்ணீர். ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் கடல். ஊருக்குள் இருந்த நீர்த்தேக்கங்களில் மட்டும் சுமார் 8 கோடி கேலன், அதாவது 30 கோடி லிட்டர் தண்ணீர். ஆனாலும் தீயணைப்பு வீரர்கள் ஹைட்ரன்டில் (தெருவோரத் தீயணைப்புக் குழாயில்) ஹோஸை மாட்டித் திறந்தால் நாலு துளி வந்து நின்றது. தெற்கே இருந்த ஏரிகளிலிருந்து ஸ்ப்ரிங் வேலி தண்ணீர்க் கம்பெனி கொண்டுவந்த மூன்று பெரிய குழாய்களும் நிலம் வெடித்த கோட்டிலும் சதுப்பு நிலத்திலும் அறுந்துவிட்டன. அதைவிட மோசம் ஊருக்குள் நடந்தது. மெயின் குழாய்களில் சுமார் 300 உடைப்பு. வீடுகளுக்குப் பிரியும் சிறு குழாய்களில் 23,000க்கு மேல். பெரும்பாலான மெயின் உடைப்புகள் பழைய ஓடைகளையும் கரையையும் மண்போட்டு நிரப்பிய இடங்களில். நிரப்பிய மண் ஆட்டத்தில் கூழாகிவிடும். வார்ப்பிரும்புக் குழாய் வளையாது, முறியும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வீடுகள் எரிந்து விழ விழ, அந்தச் சிறு குழாய்கள் ஒவ்வொன்றும் திறந்துவிட்ட குழாயாகி இருக்கிற அழுத்தத்தையும் குடித்துவிட்டன. பகுதி பகுதியாக மூடிப் பிரிக்க வால்வுகள் போதவில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் குழாயின் வால்வை நீங்களே மூடுவது உங்கள் தொட்டித் தண்ணீரைக் காப்பாற்றும். தெருவின் அழுத்தத்தையும் காப்பாற்றும்.

கடல் இருக்கிறதே, அதை இறைத்திருக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். இறைத்தார்கள். ஆனால் எந்தப் பம்பும் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப்படி பத்து மீட்டர். நடைமுறையில் ஏழு, ஏழரை மீட்டருக்கு மேல் போனால் திணறும். கடல் வற்றிய நேரத்தில் உயரமான துறைமேடையில் எஞ்சினை நிறுத்தினால் பாதி எல்லை அங்கேயே தீர்ந்துவிடும். அதன்பின் ஹோஸுக்குள் உராய்வு. நூறு நூறு அடியாக அழுத்தம் குறைந்துகொண்டே போகும், மேடு ஏறினால் இன்னும் குறையும். அதனால் ஒரு எஞ்சின் இறைத்து அடுத்த எஞ்சினுக்குக் கொடுத்து, அது அதற்கடுத்ததற்குக் கொடுத்து என்று தொடராக நிறுத்த வேண்டும். ஊரில் மொத்தமே 38 நீராவி எஞ்சின்கள்தான். லெஃப்டினன்ட் ஃப்ரெடெரிக் ஃப்ரீமன் தலைமையில் வந்த கடற்படைப் படகுகள் இதைச் சரியாகச் செய்தன. துறைமுகக் கரை முழுவதையும் ஃபெர்ரி பில்டிங்கையும் அவர்கள் உழைப்புதான் காப்பாற்றியது. கரையிலிருந்து டெலிகிராஃப் மேட்டுக்கு மேலாக ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு ஹோஸ் இழுத்து ஜாக்சன் தெருவில் ஹோட்டலிங் கம்பெனியின் விஸ்கி கிடங்கையும் நனைத்தார்கள். விஸ்கி பிழைத்தது, அதே ஊரில் கோவில்கள் எரிந்தன என்று பிறகு கேலிப் பாட்டு வந்தது வேறு கதை.

வெடிமருந்து விவகாரத்தை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் இல்லாத தீயில் எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான்: குறுக்கே நாலு கட்டடத்தை இடித்து இடைவெளி உண்டாக்கினால் தீ நின்றுவிடும் என்று. கொள்கை சரி. லண்டனில் 1666இல் அப்படித்தான் கடைசியில் நிறுத்தினார்கள்; அங்கேயும் மேயர் முதல் நாள் இடிக்கத் தயங்கியதில் நேரம் போனது. சான் பிரான்சிஸ்கோவிலும் அதே தயக்கம். மேயர் யூஜீன் ஷ்மிட்ஸ் முதலில் அனுமதித்தது எரிந்துகொண்டிருக்கும் கட்டடத்தை ஒட்டி நிற்பவற்றை மட்டும் இடிக்க. சொத்துக்காரர்கள் நாளைக்கு வழக்குப் போடுவார்களே என்ற பயம். விளைவு என்ன? வெடி வைத்து முடிப்பதற்குள் தீ அந்தக் கட்டடத்துக்கே வந்துவிட்டது. இரண்டாவது தப்பு, கையில் கிடைத்த மருந்து. டைனமைட் குச்சிகள் போதாமல், கருமருந்து போலத் தீப்பிழம்பைக் கக்கும் தூள் வகைகளைப் பயன்படுத்தினார்கள். டைனமைட் உடைக்கும், இவை உடைத்ததோடு பற்றவும் வைத்தன. கேர்னி தெருவும் க்ளே தெருவும் சேரும் இடத்தில் ஒரு விடுதியை வெடித்தபோது எரியும் படுக்கைகள் தெருவுக்கு எதிர்ப்புறம் போய் விழுந்து சைனாடவுனுக்குத் தீ போனது. மூன்றாவது தப்பு, இடித்ததை அப்படியே விட்டது. நிற்கிற மரவீடு மெதுவாகத்தான் பற்றும்; சுக்கு நூறான மரவீடு சுள்ளிக்கட்டு மாதிரி. இடிபாட்டை அகற்ற வேண்டும் அல்லது நனைக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் வேண்டும் என்பதால்தான் தீயிலிருந்து பல தெரு தள்ளி வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேன் நெஸ் அவென்யூவில் அதைச் செய்தார்கள். 125 அடி அகலத் தெரு, ஊரிலேயே அகலமானது. அதன் கிழக்குப் பக்க மாளிகைகளை வரிசையாக இடித்தும் எரித்தும் தீக்குத் தீனி இல்லாமல் செய்தார்கள். சில இடங்களில் தாண்டி ஃப்ராங்க்ளின் தெரு வரை வந்தது. அங்கே அடித்து அணைத்தார்கள். மேற்குப் பாதி ஊர் பிழைத்தது. அகலமான தெரு ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து வைத்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெடிமருந்து மீதிப் பாதியைத்தான் செய்தது.

நின்று காத்தவர்களால் பிழைத்த கட்டடங்கள் பல. ஐந்தாம் தெருவில் அமெரிக்க நாணயச் சாலை. உள்ளே சுமார் 20 கோடி டாலர் தங்கம். கண்காணிப்பாளர் ஃப்ராங்க் லீச் வளைகுடாவைத் தாண்டி ஓக்லண்டிலிருந்து வந்து சேர்ந்தார். ஐம்பது ஊழியர்களும் பத்து சிப்பாய்களும் ஏழு மணி நேரம் உள்ளேயே நின்றார்கள். அவர்களிடம் மூன்று விஷயம் இருந்தது: முற்றத்தில் சொந்தக் கிணறு, ஜன்னல்களுக்கு இரும்புக் கதவு, ஜன்னலுக்கு அருகிலிருந்த மரச்சாமான்களை முதலிலேயே அகற்றிய நிதானம். கண்ணாடி உருகி வழிந்த வெப்பத்தில் கூரையில் பற்றிய தார் அட்டைகளைப் பிய்த்து எறிந்தார்கள். ஏழாம் தெருவும் மிஷன் தெருவும் சேரும் இடத்தில் இருந்த தபால் நிலையத்தில் பத்துப் பதினொரு ஊழியர்கள் வெளியேற மறுத்து, நனைத்த தபால் சாக்குகளால் தீயை அடித்தே அணைத்தார்கள். அதே வாரத்தில் அந்தத் தபால்காரர்கள் ஸ்டாம்ப் இல்லாத கடிதங்களையும் சட்டைக் காலர் அட்டையில் எழுதியவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ரஷ்யன் ஹில் உச்சியில் சில வீடுகள் தப்பியது குளியல் தொட்டித் தண்ணீராலும் ஈர மண்ணாலும் சோடா பாட்டில்களாலும். 

இதெல்லாம் சாத்தியமானதற்குக் காரணம், இப்படிப்பட்ட ஊர்த்தீயில் பெரும்பாலான வீடுகளைப் பற்ற வைப்பது பறந்து வரும் நெருப்புப் பொறிதான். சுவர் போல வரும் தீப்பிழம்பு எதிரே நின்றால் சாவு. பொறிக்கு எதிரே நின்றால் ஒரு ஈரச் சாக்கு போதும். பொறி உட்காரும் இடங்கள்: கூரையின் மடிப்பு, கூரையோர மழைநீர் வாய்க்காலில் சேர்ந்த சருகு, மாடி மூலையில் போட்ட பழைய பலகை, திறந்த ஜன்னல் வழியாகத் திரைச்சீலை. அவற்றை முன்கூட்டியே துப்புரவாக்கி, ஜன்னலைச் சாத்தி, திரையைக் கழற்றி, வாளியும் சாக்கும் மேலே வைத்தவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. ராணுவமும் போலீசும் பல தெருக்களில் துப்பாக்கி முனையில் எல்லோரையும் துரத்தினார்கள். கொள்ளையடிப்பவர்களைச் சுட மேயர் உத்தரவு போட்டிருந்தார். அப்படி உத்தரவிட அவருக்குச் சட்டத்தில் இடமில்லை, ராணுவ ஆட்சியும் பிரகடனமாகவில்லை. ஆளில்லாத அந்தத் தெருக்களில் ஒரு வாளித் தண்ணீரில் அணைந்திருக்கும் பொறிகள் வீடுகளை எரித்தன. இதற்காக யாரும் தீயை எதிர்த்து வீட்டில் உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாணயச் சாலைக்குக் கல் சுவர் இருந்தது. மரவீட்டில், வெளியேறும் வழி ஒன்றே ஒன்று என்றால், போய்விட வேண்டும்.

போவது என்று முடிவானால் எப்படிப் போவது? அந்த மூன்று நாள் ஊர் முழுக்கக் கேட்ட சத்தம், கல் பாவிய தெருவில் ட்ரங்குப் பெட்டி இழுபடும் சத்தம். மேட்டுத் தெருவில் ஒரு நிறைந்த ட்ரங்குப் பெட்டியை இழுத்துப் போவது எத்தனை தூரம் முடியும்? பெட்டிகள் பாதி வழியில் கிடந்தன. சக்கரம் வைத்த எதையும் வண்டியாக்கினார்கள்: குழந்தை வண்டி, பொம்மை வண்டி, தையல் மெஷின்கூட. குதிரை வண்டிக்குக் கேட்ட கூலி சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத அளவுக்கு ஏறிவிட்டது. பெரும் தப்பு ஒன்று, தவணை முறையில் நகர்ந்தது. யூனியன் சதுக்கம் புதன்கிழமை பகலில் பாதுகாப்பான இடமாகத் தெரிந்தது; மூட்டை முடிச்சுகளோடு ஆயிரக்கணக்கானோர் அங்கே சேர்ந்தார்கள். இரவு தீ அங்கே வந்தது. சாமான் அங்கேயே எரிந்தது, ஆட்கள் களைத்துப்போய் அடுத்த இடத்துக்கு நடந்தார்கள். நாலு தெரு தள்ளி உட்கார்ந்து, திரும்ப நாலு தெரு தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் சாமானை இழந்தவர்கள்தான் அதிகம். நேராகப் ப்ரெசிடியோ முகாமுக்கோ கோல்டன் கேட் பூங்காவுக்கோ அல்லது ஃபெர்ரிக்கோ போனவர்களிடம் கையிலிருந்தது மிஞ்சியது. முதல் நகர்வே கடைசி நகர்வாக இருக்கும் அளவுக்குத் தள்ளிப் போக வேண்டும், தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க முடிகிற கனத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. சதர்ன் பசிபிக் ரயில்வே ஊரைவிட்டுப் போகிறவர்களைக் காசில்லாமல் ஏற்றிச் சென்றது. அது பலருக்குத் தெரியவே ஒரு நாள் ஆனது.

எதை எடுப்பது என்பதற்கு ஆலிஸ் ஈஸ்ட்வுட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் தாவரவியல் பொறுப்பாளர். மார்க்கெட் தெருக் கட்டடத்தின் பளிங்குப் படிக்கட்டு நொறுங்கிவிட்டது; கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்து ஆறாம் மாடி ஏறினார். அங்கே இருந்த ஏராளமான தாவர மாதிரிகளில் அவர் கயிறு கட்டிக் கீழே இறக்கியது 1,497. ஒரு தாவர இனத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்டியபோது ஆதாரமாக வைத்தவை, உலகில் வேறு எங்கும் கிடைக்காதவை. அதை அந்த நேரத்தில் தேடிப் பொறுக்கவில்லை. வழக்கத்துக்கு மாறாக அவற்றைப் பல வருஷம் முன்பே தனி அலமாரியில் பிரித்து வைத்திருந்தார். தீ பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும்போது பிரித்துக்கொண்டிருக்க முடியாது. அவருடைய சொந்த வீடும் உடைமையும் எரிந்தன. அதைப் பற்றி அவர் அதிகம் புலம்பவில்லை. நம் வீட்டுக் கணக்கில் அந்தத் தனி அலமாரி ஒரு பைதான்: பத்திரம், பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பாலிசி, மருந்துச் சீட்டு, கொஞ்சம் ரொக்கம். நகல் வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம். சிட்டி ஹாலில் எரிந்துபோன ஆவணங்களால் பட்ட பாடு அப்படி. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதையே ஒவ்வொருவரும் வழக்குப் போட்டு நிலைநாட்டும்படி அதே வருஷம் மக்எனர்னி சட்டம் என்று தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. வக்கீல் செலவு, கோர்ட் செலவு, விளம்பரச் செலவு எல்லாம் எரிந்த வீட்டுக்காரன் தலையில். (பிறப்புப் பதிவு எரிந்ததால் லாபம் அடைந்தவர்களும் உண்டு. நான் இங்கே பிறந்தவன், அதனால் குடிமகன் என்று சொன்ன சீனர்களை மறுக்க அரசிடம் காகிதம் இல்லை.)

பணத்தில் புத்திசாலி ஏ.பி. ஜியானினி. சின்ன பேங்க் ஆஃப் இத்தாலியை நிறுவியவர். ரயில் பாதி தூரம், நடை மீதி தூரமாக மதியத்துக்கு ஊருக்குள் வந்தவர், கட்டடம் தப்பாது என்று கணித்து, சுமார் 80,000 டாலர் தங்கத்தையும் வெள்ளியையும் காய்கறி வண்டிகளில் ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு அடியில் மறைத்து இரவோடு இரவாக சான் மெட்டேயோவில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். சில நாளில் துறைமேடையில் இரண்டு பீப்பாய் மேல் பலகை போட்டுக் கடன் கொடுத்தார். மற்ற வங்கிகள் வாரக்கணக்கில் திறக்கவில்லை, ஏனென்றால் பெட்டகங்கள் சூட்டில் இருந்தன. இதைத் தெரியாமல் நஷ்டப்பட்டவர்கள் பலர். தீக்குள் கிடந்த இரும்புப் பெட்டியின் உள்ளே காகிதம் கருகாமல் இருந்தாலும், உள்ளே காற்று தீர்ந்து வெப்பம் மட்டும் நிற்கும். கதவைத் திறந்தால் காற்று பாயும், அந்தக் கணமே குப்பென்று பற்றும். பெட்டி பிழைத்ததைப் பார்த்து ஆசையில் திறந்து, கண்ணெதிரே நோட்டுக் கட்டைச் சாம்பலாக்கினார்கள். வெளிப்பக்கம் கைக்குக் குளிர்ந்தாலும் போதாது. நடுச்சுவரில் அடைத்த செங்கல், கான்கிரீட் எல்லாம் நாள்கணக்கில் சூட்டை விடாது. பெரிய பெட்டகங்களுக்கு இரண்டு வாரம், அதற்கு மேலும் காத்திருந்தார்கள். வீட்டு லாக்கர் சின்னதுதான், ஆனாலும் ஓரிரு நாள் விட்டுத்தான் தொட வேண்டும்.

இன்சூரன்ஸில்தான் அழுகை அதிகம். பாலிசிகள் தீக்குத்தான், நிலநடுக்கத்துக்கு இல்லை. அதோடு பலவற்றில் ஒரு வரி: தீ தவிர வேறு காரணத்தால் கட்டடமோ அதில் ஒரு பகுதியோ விழுந்துவிட்டால் அந்த நிமிஷமே பாலிசி முடிந்தது. சுவர் ஒன்று சாய்ந்து, பிறகு வீடு எரிந்திருந்தால்? கம்பெனி கேட்டது: எரிவதற்கு முன் விழுந்ததா? ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல் படையின் கேப்டன் லியோனார்ட் வைல்ட்மன், மக்கள் தாங்களே வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள் என்று ஒரு தீயணைப்பு வீரர் தன்னிடம் சொன்னதை அறிக்கையில் எழுதியிருக்கிறார். எரிந்தால்தான் காசு என்று தெரிந்துவிட்டதாம். வாதத்தில் ஜெயித்தவர்களிடம் இருந்தது அத்தாட்சி: தீ வருவதற்கு முன் கட்டடம் நின்றுகொண்டிருந்ததைக் காட்டும் புகைப்படம், அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்ட சாட்சி. எதுவும் இல்லாதவர்களிடம் முக்கால் பங்கு வாங்கிக்கொள் என்று பேரம் பேசினார்கள்; ஒரு டாலருக்கு 75 சென்ட் கொடுத்த அந்தக் கம்பெனிகளுக்குச் ‘சிக்ஸ்-பிட்’ கம்பெனிகள் என்று ஊர் பெயர் வைத்தது. சிலர் ஒன்றுமே தராமல் கைவிரித்தார்கள், சிலர் திவாலானார்கள். லண்டனில் லாய்ட்ஸ் என்ற இன்சூரன்ஸ் சந்தையில் இருந்த கத்பர்ட் ஹீத் தன் முகவருக்கு, பாலிசி விதி எதுவானாலும் எல்லோருக்கும் முழுசாகக் கொடு என்று தந்தி அடித்தார். மொத்தம் 20 கோடி டாலருக்கு மேல் கம்பெனிகள் கொடுத்தன என்பது உண்மைதான், ஆனால் யாருக்கு, எப்போது, எத்தனை வெட்டு போக என்பதில்தான் குடும்பங்கள் நின்றன அல்லது விழுந்தன. பாலிசியை எடுத்து விலக்குகள் என்ற பக்கத்தை மட்டும் படியுங்கள். நிலநடுக்கம் சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் அதைத் தொடர்ந்து வரும் தீக்கும் சேர்த்தா? வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையிலும் நின்று போனில் வீடியோ எடுத்து வெளியே எங்காவது அனுப்பி வையுங்கள். கெடுபிடி நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதும், நிற்கிற வீட்டை நாலு பக்கமும் ஒரு படம். பத்து வினாடி வேலை. கம்பெனியின் அலுவலகமும் அதே தீயில் எரிந்தது, அவர்களுடைய பதிவேடும் சேர்ந்து. பாலிசி எண் உங்களிடம் இல்லையென்றால் அவர்களிடமும் இருக்காது.

சல்லிவன் கேட்டது அவர் செத்த பிறகு கிடைத்தது. 1908இல் 52 லட்சம் டாலர் கடன்பத்திரம். 1913 வாக்கில் தீயணைப்புக்கு மட்டுமான தனிக் குழாய் வலை தயார். ட்வின் பீக்ஸ் மேட்டில் ஒரு கோடி கேலனுக்கு மேற்பட்ட தேக்கம், கடல்நீர் இறைக்க இரண்டு நிலையம், தெருவுக்கடியில் 75,000 கேலன் தொட்டிகள். ஒரு எஞ்சின் நிமிடத்துக்கு 500 கேலன் இழுத்தால் ஒரு தொட்டி இரண்டரை மணி நேரம் வரும். இன்றும் அந்த ஊர்ச் சாலையில் செங்கல்லால் பெரிய வட்டம் தெரிந்தால் அதற்குக் கீழே தொட்டி. ஆனாலும் 1989 அக்டோபர் 17இல் ஆட்டம் வந்தபோது நிரப்பிய மண்ணில் அந்தத் தனிக் குழாயும் முறிந்தது. மெரினா பகுதியை ஃபீனிக்ஸ் என்ற தீயணைப்புப் படகு வளைகுடா நீரை இறைத்துக் காப்பாற்றியது. 1906இல் மிஷன் பகுதியைக் காப்பாற்றியதும் இப்படி ஒரு மிச்சம்தான்: இருபதாம் தெருவும் சர்ச் தெருவும் சேரும் மேட்டில் ஒரே ஒரு ஹைட்ரன்டில் மட்டும் தண்ணீர் வந்தது. குதிரைகள் களைத்துவிட்டதால் அகதிகளே எஞ்சினைக் கயிறு கட்டி மேட்டில் இழுத்தார்கள்.

தீ அணைந்த பிறகும் யாரும் வீட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு. தப்பிய பாதி ஊரும் வாரக்கணக்கில் தெருவோரத்தில் செங்கல் அடுக்கித்தான் சமைத்தது. பணக்காரத் தெருவிலும் ஏழைத் தெருவிலும் ஒரே காட்சி. அதிகாரி வந்து புகைபோக்கியைப் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால்தான் உள்ளே நெருப்பு. எப்படிப் பார்ப்பது என்பதும் பெரிய வித்தை இல்லை. வெளியே கூரைக்கு மேலே நிற்கும் பகுதி சாய்ந்திருக்கிறதா, பிறகு பரணுக்குள் ஏறி, செங்கல் தூண் கூரையைத் துளைக்கும் இடத்திலும் தளத்தைத் துளைக்கும் இடத்திலும் விரலை வைத்துத் தடவ வேண்டும். ஆட்டத்தில் அந்த இரண்டு இடத்தில்தான் முதலில் முறியும், அறைக்குள் நின்றால் தெரியாது. சாந்து உதிர்ந்து கீழே தூளாகக் கிடந்தால் அதுவே அடையாளம். ஹேய்ஸ் தெரு வீட்டிலும் அன்று காலை பரணில் அப்படித் தூள் கிடந்திருக்கும்.